குளிர் எண்டா ஈரம்தானே

அந்த அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள் யாரும் ஈரக் கோப்பையைக் கையில் வாங்கியிருக்க மாட்டார்கள். கோப்பையைக் கழுவுவார், உதறுவார், தோளில் கிடக்கும் துவாயால் உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, பிறகு கவிழ்த்து அடியில் ஒரு தடவை துடைப்பார். அதற்குள் கேத்திலில் தேத்தண்ணி ஆறிவிடும். ஆறின தேத்தண்ணியைக் குடிக்கப் பழகினால்தான் அவரோடு அயலவராக இருக்க முடியும். எனக்கு அதற்கு இரண்டு வருடம் எடுத்தது.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையிலும் மின்சாரக் கட்டணத் துண்டிலும் அதை எழுதியிருந்தார்கள். ஒழுங்கையில் அதை யாரும் பாவித்ததில்லை. துவாய் அக்கா என்றால் தபால்காரருக்கும் தெரியும். மாரி காலத்தில் நான்கு துவாய் சுற்றில் இருக்கும். ஒன்று தோளில், ஒன்று கொடியில், ஒன்று அடுப்புக்கு மேலே, ஒன்று கையில்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் பட்டினத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். படித்துப் பட்டம் எடுத்த மருந்தாளர் உள்ளே இருப்பார், நான் வெளியே நிற்பேன். வெள்ளைச் சட்டை போட்டிருப்பதால் வருகிறவர்களில் பாதிப்பேர் என்னை டொக்டர் என்பார்கள். நான் மறுப்பதில்லை. கேட்கச் சுகமாகத்தானே இருக்கிறது.

அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மாரியில் ஒருநாள் முழங்காலளவு வெள்ளத்தில் நடந்து வந்து படியில் ஏறினேன். வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டிட்டுக் காலைத் துடைச்சனீங்களோ?"

"ஓம் அக்கா."

"விரலிடுக்கு?"

முப்பத்தெட்டு வயது மனிதனிடம், மனைவி பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கக் கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சினம் வந்தது. இந்த மனுசிக்கு வேறு வேலை இல்லையா என்று மனைவியிடம் புறுபுறுத்தேன். ஆனாலும் உள்ளே போய்க் கதிரையில் இருந்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு வலு.

இந்தத் துடைப்பு ஆட்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திருகோணமலை ஆட்களுக்குத் தெரியும், எங்கள் தெருக்களில் மான்கள் மாடுகளைப் போலத் திரியும். ஒரு மழைநாளில் புள்ளிமான் ஒன்று அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றது. அக்கா துவாயோடு போனார். மான் விலகியது. இவர் ஒரு அடி வைத்தார், அது ஒரு அடி வைத்தது. கால் மணித்தியாலம் தாழ்வாரத்தைச் சுற்றி இரண்டு பேரும் நடந்தார்கள். கடைசியில் களைத்துப்போனது மான்தான். முதுகைத் துடைக்க விட்டுவிட்டு, துவாயின் ஒரு மூலையைச் சப்பத் தொடங்கியது. "வாயையும் துடைக்கச் சொல்லுது" என்று அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அதற்குப் பிறகு அதிகம் காணவில்லை.

ஏன் இப்படி என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய கணவர் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிற வேலை பார்த்தவர். நாள் முழுக்க நனைந்த சப்பாத்து. உடம்பில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஒரு மாரியில் சின்னவிரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. சேற்றுப்புண்தானே என்று விட்டார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. அடுத்த மாரிக்கு அவர் இல்லை.

"ஒரு துவாயால நிப்பாட்டியிருக்கலாம் தம்பி" என்றார் அக்கா. "பின்னேரம் வந்து இருக்கேக்க ஒருக்காக் குனிஞ்சு துடைச்சிருந்தா முடிஞ்சுது. நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டனான்."

அதைக் கேட்ட பிறகு நான் புறுபுறுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் அவர் கெட்டிக்காரி. மாரி தொடங்கினால் அவர் வாசலில் ஆட்கள் வந்துவிடுவார்கள். சல்லிப் பக்கத்து மீன்பிடிகாரர், கிண்ணியாவிலிருந்து சாமான் கொண்டுவருகிற முஸ்லிம் நானா ஒருவர், வயலிலிருந்து வரும் பெண்கள், எல்லாருக்கும் விரலிடுக்கு அவிந்திருக்கும். அக்கா இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுவார், துடைப்பார், வேப்பிலைத் தூள் தூவுவார், வெயில் எறித்தால் காலை வெயிலில் நீட்டி வைக்கச் சொல்வார். "காய விடுங்கோ, எல்லாம் காய்ஞ்சாப் போயிடும்" என்பார். போயும்விடும். நான் பாமசியில் விற்ற களிம்புகளைவிட அந்தத் துவாய்க்கு ஆறின கால்கள் அதிகம்.

எங்கள் ஊரில் குளிர் தனியே வருவதில்லை. மழையோடுதான் வரும். கார்த்திகை, மார்கழியில் சுவர் வியர்க்கும், அலுமாரிக்குள் உடுப்பில் பூஞ்சணம் பிடிக்கும், உப்புப் போத்தலில் தண்ணீர் நிற்கும், நெருப்புக்குச்சி உரசினால் தலை கழன்று விழும். குளிரையும் ஈரத்தையும் நாங்கள் பிரித்து நினைத்ததே இல்லை. "குளிர் எண்டா ஈரம்தானே" என்று அக்கா சொன்னபோது, சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொன்னதுபோல நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன். தகப்பன் செத்த பிறகு, இருபத்துநான்கு வயதில் கனடாவுக்குப் போனான். நல்ல பிள்ளை. போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணை, அம்மாவை ஒருக்கா இடைக்கிடை எட்டிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கே முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு இல்லத்தின் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அந்த வேலையில் நிலைத்து நின்றால்தான் அங்கே இருப்பதற்கான பத்திரம் கிடைக்கும். பத்திரம் கிடைத்தால்தான் தாயைப் பார்க்க வந்துபோகலாம். எல்லாம் அந்தக் கோப்பைத் தொட்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் போய்ப் பார்க்க இரண்டு தடவை விசாவுக்குப் போட்டார். இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது.

அவன் போய் இரண்டாவது குளிர்காலம். ஒருநாள் அக்கா குடையை மடக்கிக்கொண்டு பாமசிக்குள் வந்தார். என் மேசையில் குடையிலிருந்து விழுந்த இரண்டு துளியை முதலில் துடைத்தார்.

"தம்பி, மகனுக்குக் கைவிரலிடுக்கெல்லாம் வெடிச்சுக் கடிக்குதாம். தோலும் உரியுதாம். குளிர் தொடங்கினாப் பிறகுதானாம்."

"அங்க என்ன வேலை அக்கா செய்யிறான்?"

"கோப்பை கழுவுறான். முழுநாளும் தண்ணிக்குள்ள."

எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கிழமையில் மட்டும் பத்துப் பேருக்குச் சேற்றுப்புண் மருந்து கொடுத்திருந்தேன். "ஈரம்தான் அக்கா" என்றேன், பெரிய டொக்டர் மாதிரி. தட்டிலிருந்து பூஞ்சணத்துக்குப் போடுகிற பவுடர் மூன்று பேணி எடுத்து வைத்தேன். வலுவான மருந்துச் சவர்க்காரம் இரண்டு கட்டியும் வைத்தேன். தான் நினைத்ததையே நான் சொன்னதில் அக்காவின் முகம் தெளிந்தது. உள்ளே இருந்த மருந்தாளரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அக்கா அதோடு விடுவாரா? வீட்டில் இருந்து வேப்பிலைத் தூள் இடித்தார். பழைய துவாய் ஒன்றை வெட்டிச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஓரம் மடித்துத் தைத்து, பத்துத் துண்டு செய்தார். விரலுக்கு ஒன்று. கட்டைபறிச்சானிலிருந்து கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போகிற ஒரு பெண்ணிடம் பொதியைக் கொடுத்து அனுப்பினார். பொதியைக் கட்டினது நான்தான். மழையில் நனையாதபடி மூன்று பொலித்தீன் பை சுற்றினேன்.

அவன் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. அம்மா அனுப்பினதல்லவா? ஒவ்வொரு முறையும் மருந்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, பவுடர் போட்டான். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. இரண்டு மாதம்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை, அக்கா வேலியால் கூப்பிட்டார். "தம்பி, கெதியா வாங்க." மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் காலை ஆறரை என்றால் அவனுக்கு முதல் நாள் இரவு, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். அக்கா போனை எனக்கு முன்னால் பிடித்தார். திரையில் இரண்டு கை. முட்டிகளெல்லாம் வெடித்திருந்தன. வெடிப்புக்குள் வெள்ளையாகப் பவுடர், பவுடருக்கு நடுவில் இரத்தம். உள்ளங்கை ரேகை இருந்த இடமெல்லாம் கீறல்.

"பொத்த ஏலாது அண்ணை" என்றான். "பொத்தினா வெடிக்குது. பவுடர் போடப் போடக் கூடுது."

"மழைக்குள்ள திரியிறியோ?" என்று கேட்டேன்.

"மழையோ? இஞ்ச மழை எங்க? உறைபனிதான். வீட்டுக்குள்ள ஹீற்றர். துவாயைத் தோய்ச்சு அதுக்குப் பக்கத்தில போட்டா ஒரு மணித்தியாலத்தில பப்படம் அண்ணை. மூக்குக்குள்ளேயும் காய்ஞ்சு இரத்தம் வருது."

அந்தக் குளிரில் ஈரமே இல்லை. காய்ந்து வெடித்த தோலை இரண்டு மாதமாக நாங்கள் இன்னும் காய வைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் அக்கா, "வடிவாத் துடைக்கேல்லைப் போல மகன், இன்னும் கொஞ்சம் காய விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று பாமசிக்குப் பக்கத்து அறையில் கிழமைக்கு ஒருநாள் வருகிற தோல் டொக்டரிடம் போய், யாரோ ஒருவருடைய கதை போலச் சொன்னேன். "காய்ஞ்ச தோலுக்குப் பவுடரோ? ஆர் குடுத்தது?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். செய்யவேண்டியதை ஒரு துண்டில் எழுதித் தந்தார். சுடுதண்ணீர் கூடாது, இளஞ்சூடு போதும். வலுவான சவர்க்காரம் கூடாது. கழுவினால் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் பெற்றோலியம் ஜெலி போலத் தடித்த களிம்பைப் பூசவேண்டும். படுக்கும்போது அதற்கு மேல் பருத்திக் கையுறை. தொட்டியில் வேலை செய்யும்போது உள்ளே பருத்தி, வெளியே றப்பர். வெளியே போனால் கம்பளிக் கையுறை. அறையில் ஒரு சட்டியில் தண்ணீர். வெடிப்புச் சீழ் பிடித்தால் உடனே டொக்டரிடம் போகவேண்டும்.

துண்டோடு அக்காவிடம் போனேன். அவர் வாசித்தார். திருப்பி என்னிடமே தந்தார்.

"என்ன கதை தம்பி கதைக்கிறீங்க? ஈரத்தோட எண்ணெய் பூசினா அவிஞ்சு போகாதோ?"

"அங்க ஈரம் இல்லை அக்கா. காய்ஞ்ச குளிர்."

"குளிரில என்னெண்டு காயும்? வெயில் வேணாமோ?"

நியாயமான கேள்வி. எனக்குக் கச்சான் காற்று ஞாபகம் வந்தது. வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து அடித்து ஊரையே வறட்டி எடுக்குமே, அது.

"கச்சான் காத்துக்கு உங்களுக்குச் சொண்டு வெடிக்கிறதோ இல்லையோ?" என்று என் உதட்டைத் தொட்டுக் கேட்டேன்.

"வெடிக்கும்."

"என்ன செய்வீங்க? துவாயால துடைப்பீங்களோ?"

"விசரே? நெய் பூசுவன்."

"அவனுக்கு அங்க அஞ்சு மாசம் கச்சான் அக்கா. சூடில்லாத கச்சான். சொண்டுக்கு மட்டுமில்லை, முழு உடம்புக்கும்."

அக்கா துவாயைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். வெளியே தகரத்தில் மழை சத்தமாக விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப, என்ரை பிள்ளையை நான்தான் காய வைச்சிருக்கிறன்" என்றார்.

பவுடரைத் தந்தது நான்தான் அக்கா, சவர்க்காரம் தந்ததும் நான்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து அவர் வேறொரு பாடம் படிக்கத் தொடங்கினார். இத்தனை வருடப் பழக்கத்தை நாலு நாளில் திருப்பிப் போடுவது இலேசான காரியமா? "துடைக்காதை மகன், ஒத்தி எடு. ஈரம் நிக்கட்டும். காய முந்திப் பூசு" என்று போனில் சொல்லும்போது, ஈரம் நிக்கட்டும் என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் அவர் குரல் தடக்கும். கணவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கையுறை தைத்தார். அளவுக்கு என் கையைத்தான் கடதாசியில் வைத்துச் சுற்றிக் கோடு கீறினார். எவ்வளவு களிம்பு பூசவேண்டும் என்று அவனுக்குச் சொல்லத் தனக்குத் தெரியவேண்டும் என்று, தன்னுடைய கையிலும் பூசிக்கொண்டு திரிந்தார். பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. இரண்டே நாளில் முழங்கைவரை வேர்க்குரு போட்டது. சொறிந்துகொண்டே, "அவனுக்கு இது சுகமா இருக்குமோ தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கை கொஞ்சம் ஆறும், பிறகு வெடிக்கும். றப்பர் கையுறை போட்டால் வேலை மெதுவாகிறது என்று பேச்சு விழும். கழற்றினால் கொதிதண்ணீர். வேலைத் தலத்தில் மேற்பார்வை செய்கிற பெண் ஒருநாள் அவனுடைய கையைக் கண்டுவிட்டாள். இந்தக் கையோடு முதியவர்கள் சாப்பிடும் கோப்பையைத் தொடமுடியாது, மாதம் முடிவதற்குள் ஆறாவிட்டால் குசினிக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் வேலை போனால் பத்திரமும் போய்விடும்.

அதற்குப் பிறகு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு தடவை வாசற்படியில் இருந்தபடி சொன்னார், "பக்கத்தில எண்டா ஒரு கிழமையில ஆத்திப் போடுவன் தம்பி. ஊரில எத்தினை பேரின்ரை காலை ஆத்தினனான். பெத்த பிள்ளையின்ரை கைக்கு வாயாலதான் மருந்து போடுறன்." கடவுள் பார்ப்பார் என்றேன். அவர் அதைக் காதில் விழுத்தவில்லை.

மாதத்தின் கடைசிக் கிழமை. ஞாயிறு காலை. நான் அக்கா வீட்டுக் கதிரையில் இருந்து ஆறின தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மகன் போனில் கூப்பிட்டான். குரலில் ஒரு உற்சாகம்.

"அம்மா, கை ஆறிட்டுது."

"உண்மையோ? காட்டு பாப்பம்."

முகம் திரையிலிருந்து போனது. கொஞ்ச நேரம் கூரை தெரிந்தது. பிறகு இரண்டு கை வந்தது. முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை. வெடிப்பில்லை, இரத்தமில்லை. பழைய தழும்பின் நிறம்கூட இல்லை. விரல்களை மடக்கி, விரித்து, பொத்திக் காட்டின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டவாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவசரப்படாமல், விரல் விரலாகப் பார்த்தார்.

"நல்லா வந்திட்டுது மகன்" என்றார். "நகக்கண்ணடியில மட்டும் கொஞ்சம் காய்ஞ்சிருக்கு. அந்த இடத்துக்கும் மறக்காமப் பூசச்... பூசு."

"ஓம் அம்மா" என்ற குரல் கொஞ்சம் தள்ளி எங்கோ இருந்து வந்தது.

வேறு கதையும் கதைத்தார்கள். என்ன சமைத்தாய், எப்போது படுக்கிறாய் என்று. வழமையான கதை. போனை வைத்த பிறகு நான் எழும்பி, "பாத்தீங்களே அக்கா, நான் சொல்லேல்லையோ!" என்றேன்.

அக்கா போனைத் துவாயால் துடைத்து மேசையில் வைத்தார்.

"அது அவன்ரை கையில்லை தம்பி."

எனக்கு விளங்கவில்லை.

"அவனுக்குக் கட்டைவிரல் நகம் அகலம். தகப்பனுக்கு இருந்த மாதிரி. இது வேற ஆரோ பெடியன்ரை. அறையில கூட இருக்கிற பிள்ளையா இருக்கும்."

"அப்ப ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லி?" என்றார். "நான் கவலைப்படுவன் எண்டு ஒரு பிள்ளையைக் கெஞ்சிக் கையை வாங்கிக் காட்டுறான். நான் பிடிச்சுக் குடுத்தா நாளைக்கு என்னத்தைக் காட்டுவான்? போனையே எடுக்காமல் விட்டிடுவான்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அவனுக்குத் தனிய எழுதுங்க. எனக்குத் தெரியும் எண்டு எழுதாதீங்க. நீங்க கண்டுபிடிச்ச மாதிரி எழுதுங்க. டொக்டரிட்டைப் போகச் சொல்லுங்க. கையில சீழ் கண்டா வைச்சிருக்கக் கூடாது. புண்ணை வைச்சிருந்து ஒருத்தரைப் பறிகுடுத்தது போதும்" என்றார்.

அவருக்கு முன்னாலேயே போனை எடுத்து எழுதினேன். அது உன் கையில்லை என்று எனக்குத் தெரியும், உண்மையைச் சொல், உடனே டொக்டரிடம் போ என்று எழுதினேன். பதில் உடனே வந்தது. முதலில் ஒரு படம். இடது கை. சுட்டுவிரல் முட்டி வீங்கி, வெடிப்பின் ஓரம் மஞ்சளாக இருந்தது. அதற்குக் கீழே எழுத்து.

"லீவு கேட்டா கையைக் காட்டச் சொல்லுவினம் அண்ணை. காட்டினா வேலை இல்லை. இந்தக் கிழமை மட்டும் கையுறையோட சமாளிக்கிறன். அம்மா நம்பிட்டாவோ?"

நான் படத்தை விரலால் மேலே தள்ளி மறைத்தேன். போகத்தான் வேண்டும், பகிடி விடாதே என்று எழுதினேன். போகிறேன் என்று அவன் எழுதவில்லை. "அம்மா நம்பிட்டாவோ அண்ணை?" என்று இரண்டாம் தரம் கேட்டான். "ஓம், நம்பிட்டா" என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

"என்னவாம்?" என்று அக்கா கேட்டார்.

"நாளைக்குக் காலமை டொக்டரிட்டைப் போறானாம் அக்கா. பெரிசா ஒண்டுமில்லையாம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன்.

"நல்லது தம்பி" என்றார். சற்று முன்னர், நல்லா வந்திட்டுது மகன் என்று சொன்ன அதே குரலில்.